எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் என் டெஸ்க்டாப்: ரோமிங் புரொஃபைலோடு எட்டு வருடம்

எனக்கென்று ஒரு சீட் கிடையாது. மெய்ப்பு பார்க்கும் பிரிவில் 40 பேர் இருக்கிறோம், கம்ப்யூட்டர் 26. இரண்டு ஷிஃப்ட். வந்ததும் எது காலியோ அதில் உட்கார வேண்டியதுதான். ஜன்னலோரம் வேண்டுமென்றால் கால் மணி நேரம் முன்னால் வர வேண்டும். நான் வருவதில்லை.

ஆனால் எதில் உட்கார்ந்து பெயரும் பாஸ்வேர்டும் அடித்தாலும் வந்து நிற்பது என்னுடைய டெஸ்க்டாப்தான். அதே கரும்பச்சைப் பின்னணி. அதே பெரிய மவுஸ் அம்பு (கண்ணாடி போட்ட பிறகும் சின்ன அம்பு என் கண்ணில் படுவதில்லை). வேர்டைத் திறந்தால் நான் சேர்த்து வைத்த சொந்த அகராதி, பழகிய தமிழ் கீபோர்டு, மெயிலுக்குக் கீழே என் கையெழுத்து வரிகள். நேற்று இரண்டாவது மாடியில் விட்டுப் போனது இன்று முதல் மாடியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் மிரண்டுபோனேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு ரோமிங் புரொஃபைல் என்று பெயர். போனில் வருகிற ரோமிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடையில் தனியாக வாங்குகிற சாமானும் இல்லை. ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிறவர் போட்டுக் கொடுப்பார், நாம் அதற்குள் குடியிருப்போம். அதனாலோ என்னவோ, குடியிருப்பவர் பக்கத்திலிருந்து இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. எட்டு வருடம் இருந்து பார்த்தாயிற்று, நானே எழுதிவிடுகிறேன்.

விஷயம் சுலபம். சர்வரில் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். லாகின் செய்யும்போது அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இறங்கும். நாள் முழுக்க நீங்கள் வேலை செய்வது இறங்கி வந்த அந்த நகலில்தான். லாக் ஆஃப் கொடுக்கும்போது மாறியதெல்லாம் திரும்ப சர்வருக்கு ஏறும். ஆபீஸ்களுக்கென்று வந்த பழைய விண்டோஸான விண்டோஸ் என்டி காலத்து ஏற்பாடு இது. 1996ல் வந்த என்டி 4லேயே இருந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை: காலையில் இறக்கு, மாலையில் ஏற்று.

அந்த ஃபோல்டருக்குள் என்டியூசர் டாட் டேட் என்று கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஃபைல் ஒளிந்திருக்கிறது. பின்னணி நிறம், மவுஸ் அம்பு, கீபோர்டு, எந்த ப்ரிண்டர், எந்த நெட்வொர்க் டிரைவுக்கு எந்த எழுத்து என்று உங்கள் பழக்கவழக்கமெல்லாம் அந்த ஒரே ஃபைலில். அது போக ஆப்டேட்டா என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று அறைகள். ரோமிங் அறையில் இருப்பது மட்டும் உங்களோடு நடந்து வரும். மற்ற இரண்டும் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு தங்கிவிடும்.

எதை எந்த அறையில் வைப்பது என்பது அந்தந்த மென்பொருளை எழுதியவர் கையில். வேர்டின் சொந்த அகராதி, டெம்ப்ளேட், அவுட்லுக் கையெழுத்து எல்லாம் ரோமிங்கில், அதனால் கூடவே வருகின்றன. ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்குகளை ரோமிங்கில் வைத்துவிட்டு, தற்காலிகக் குப்பையை லோக்கலில் போடுகிறது. குரோம் எல்லாவற்றையுமே லோக்கலில் வைக்கும். கூட வர வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள பாலிசியை (ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குப் போடும் விதி) சிஸ்டம் பார்ப்பவர் போட்டுவிட வேண்டும், அல்லது கணக்கில் நுழைந்து சிங்க் செய்துகொள்ள வேண்டும். ஆக, “எல்லாம் கூடவே வரும்” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். எது வரும், எது வராது என்று நீங்களே இரண்டு சீட் மாறி உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

சில சமயம் வரக்கூடாததும் வரும். ப்ரிண்டரைத்தான் சொல்கிறேன். ‘இதுதான் எனக்கு வழக்கமான ப்ரிண்டர்’ என்று ஒரு தடவை குறித்துவிட்டால் அதுவும் உங்கள் பழக்கம், அதுவும் கூடவே வரும். ஒருமுறை மூன்றாவது மாடியில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு முதல் மாடிக்குத் திரும்பினேன். 64 பக்கத்தை ப்ரிண்ட் கொடுத்துவிட்டுப் பக்கத்து ப்ரிண்டர் முன்னால் நின்றுகொண்டே இருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். அப்புறம் மூன்றாவது மாடியிலிருந்து போன்: “அக்கா, உங்களுதா இது? 128 பக்கம் வந்து கிடக்கு, இன்னும் வேணுமா?”

சரி, முக்கியமான குறைக்கு வருகிறேன். லாகின் நேரம்.

சேர்ந்த புதிதில் 20, 30 விநாடியில் டெஸ்க்டாப் வந்துவிடும். ஒரு வருடம் போனதும் இரண்டு நிமிடம். அப்புறம் நான்கு. பாஸ்வேர்டு அடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வரலாம் என்ற நிலை. ஒரு நாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அளந்தேன்: 11 நிமிடம். நல்வரவு என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து சீட்காரர் அதற்குள் ஒரு கட்டுரையில் பாதி முடித்துவிட்டார்.

சிஸ்டம் பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார்.

“அக்கா, டெஸ்க்டாப்ல என்னென்ன வெச்சிருக்கீங்க?”

“இப்ப வேலை நடக்கிறது மட்டும்தான் தம்பி.”

“3.8 ஜிபி இருக்கு, அக்கா.”

உண்மைதான். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்த பக்கங்கள் வரும். திறக்க வசதி என்று எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைப்பேன். வேலை முடிந்ததையும் எடுப்பதில்லை. டெஸ்க்டாப் என்பது வெறும் திரை என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு ஃபோல்டர், அதுவும் புரொஃபைலுக்குள் இருக்கிறது, நான் போகிற இடத்துக்கெல்லாம் மூட்டை முடிச்சோடு வருகிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

தம்பி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் மாடியில் இருப்பது 100 மெகாபிட் லைன். விநாடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி போகும். 3.8 ஜிபி என்றால், லைன் முழுக்க எனக்கே எனக்கு என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடம். ஆனால் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது இருபது பேர் ஒரே நேரத்தில் அதே சர்வரைத் தட்டுகிறோம். 11 நிமிடத்தில் வந்ததே பெரிது.

அது மட்டும் காரணமில்லை. நாங்கள் உபயோகித்த ஓர் அரட்டை மென்பொருள் தன்னுடைய தற்காலிகச் சேமிப்பை ரோமிங் அறைக்குள்ளேயே கொட்டி வைத்திருந்தது. என் பெயரில் மட்டும் 14,000 ஃபைல்கள். ஒவ்வொன்றும் எறும்பு சைஸ்தான். ஆனால் நெட்வொர்க்கில் ஒரு பெரிய ஃபைலை இழுப்பதை விட, அதே எடைக்கு ஆயிரக்கணக்கான பொடி ஃபைல்களை இழுப்பதுதான் கஷ்டம். ஒவ்வொன்றுக்கும் திற, அனுமதி பார், எழுது, மூடு என்று தனித்தனியாகப் பேச வேண்டும். தம்பி அந்த ஃபோல்டரை ரோமிங்கிலிருந்து விலக்கி வைத்தார். க்ரூப் பாலிசி என்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் வசதியில் இந்தந்த ஃபோல்டர் பயணத்தில் வேண்டாம் என்று குறித்துவிடலாமாம். அந்த மாற்றத்திலேயே இரண்டு நிமிடம் குறைந்தது.

“ஒரே சீட்டில் தினமும் உட்கார்ந்தால் இவ்வளவு ஆகாதே?” என்று கேட்டேன். ஆகாதுதான். முன்னால் இறங்கிய நகல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்தால் மாறியது மட்டும் இறங்கினால் போதும். ஆனால் 40 பேரின் நகலும் 26 கம்ப்யூட்டரிலும் சேர்ந்தால் டிஸ்க் நிரம்பிவிடும் என்று, லாக் ஆஃப் ஆனதும் நகலை அழிக்கும் பாலிசியைப் போட்டிருந்தார்கள். அதனால் எங்களுக்கு ஒவ்வொரு காலையும் முதல் நாள் மாதிரிதான். இதில் நான் தம்பி பக்கம். யார் யாரோ உட்காரும் கம்ப்யூட்டரில் என் சரக்கு கிடக்காமல் இருப்பது எனக்கும் நல்லதுதானே.

புரொஃபைலுக்கு அளவு வைக்கவும் வழி இருக்கிறது. அதில் ஒரு சுவாரசியம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அளவைத் தாண்டினால், குறைக்கும்வரை லாக் ஆஃப் செய்யவே விடாது. வீட்டுக்குப் போகும் நேரத்தில் உட்கார வைத்து ஃபைல் அழிக்கச் சொல்லும். அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அதை மாற்றிவிட்டார்கள்: போக விட்டுவிடும், ஆனால் அன்றைய மாற்றங்களை சர்வருக்கு ஏற்றாது. கேட்க மென்மையாக இருக்கிறது. எனக்கென்னவோ பழைய பிடிவாதம்தான் தேவலை. வாசலில் மறித்தால் திட்டிக்கொண்டாவது சுத்தம் செய்வோம். சும்மா அனுப்பிவிட்டு, இன்று செய்ததெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது என்றால், மறுநாள் வேறு சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வயிறு கலங்கும்.

வயிறு கலங்கிய ஒரு நாளைச் சொல்கிறேன். தப்பு முழுக்க என்னுடையது.

காலையில் 14ஆம் சீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் இரண்டாவது மாடியில் ஓர் அவசர வேலை. 14ஐ லாக் ஆஃப் செய்யவில்லை. திரையை மட்டும் பூட்டிவிட்டு மேலே போனேன். மேலே 3ஆம் சீட்டில் லாகின். அது ஒரு மருத்துவப் புத்தகம். நோய்ப் பெயர், மருந்துப் பெயர் என்று ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்து என் சொந்த அகராதியில் சேர்த்தேன், மாலை வரை அதே வேலை. 300 சொல்லுக்கு மேல் இருக்கும். ஒழுங்காக லாக் ஆஃப் செய்தேன். எல்லாம் சர்வருக்கு ஏறியது. கீழே வந்து, பூட்டியிருந்த 14ஐத் திறந்து, திறந்தபடி கிடந்த ஃபைலை முடித்தேன். அதில் ஒரு பெயர் சிவப்புக் கோட்டோடு நின்றது. ஒரே ஒரு பெயர். அகராதியில் சேர்த்தேன். லாக் ஆஃப்.

மறுநாள் 300 சொல்லையும் காணோம். அந்த ஒரு பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். 14ல் இருந்தது காலை இறங்கிய நகல். மேலே 3ல் நான் சேர்த்தது எதுவும் அதற்குத் தெரியாது. நான் அதைத் தொடாமல் லாக் ஆஃப் செய்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் ஏற்றும்போது ஃபைல் ஃபைலாக நேரத்தைப் பார்க்கும். சர்வரில் இருப்பது புதிது என்றால் அதை விட்டுவிடும். நான் ஒரு பெயரைச் சேர்த்ததும் 14ன் அகராதி ஃபைலுக்கு நேரம் புதிதாகிவிட்டது. புதியதுதான் ஜெயிக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எதில் அதிகம் சொல் என்றெல்லாம் அது திறந்து பார்ப்பதில்லை. முன்னால் சொன்ன என்டியூசர் ஃபைல் இதைவிட மோசம். அமைப்புகள் அத்தனையும் ஒரே ஃபைலில் இருப்பதால், கடைசியாக எந்தக் கம்ப்யூட்டரில் லாக் ஆஃப் செய்தோமோ அதில் இருந்ததுதான் மொத்தமாக நிற்கும்.

“ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்காதீங்க அக்கா” என்றார் தம்பி. சித்தர்களுக்குச் சொல்லும் புத்திமதி மாதிரி இருந்தது. ஆனால் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். சீட்டை விட்டு எழுந்தால் பூட்டு இல்லை, லாக் ஆஃப்தான்.

இன்னொரு பயம், தற்காலிக புரொஃபைல். லாகின் ஆனதும் என் பச்சைப் பின்னணி இல்லை. ஏதோ புதுக் கம்ப்யூட்டர் மாதிரி வெறும் டெஸ்க்டாப், மூலையில் ‘தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்’ என்கிற பொருளில் ஒரு சின்ன அறிவிப்பு. அந்த அறிவிப்பு கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். ஆபத்தே அதில்தான். இதில் சேமிப்பதெல்லாம் லாக் ஆஃப் செய்ததும் அழிந்துவிடும். எங்களில் ஒருவர் பின்னணிப் படம்தானே வரவில்லை என்று அலட்சியமாக அரை நாள் வேலை செய்து, டெஸ்க்டாப்பில் சேமித்து, லாக் ஆஃப் கொடுத்தார். அவ்வளவுதான், போயே போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸ் புரொஃபைல் ஃபைலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருக்கிறது. விண்டோஸால் அதைத் திறக்க முடியாமல் தற்காலிகமாக ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிட்டது. ஆகவே, லாகின் ஆனதும் பின்னணி வேறாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். உடனே சிஸ்டம் பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். நான் பச்சையை மாற்றாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வேறு நிறம் வந்தால் உடனே கண்ணில் குத்தும்.

இந்த 11 நிமிடக் கூத்துக்குப் பிறகு தம்பி ஃபோல்டர் ரீடைரக்ஷன் என்று ஒன்றைப் போட்டார். இது விண்டோஸ் 2000த்தில் க்ரூப் பாலிசியோடு வந்த வசதி. ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டதற்கு, சர்வரில் டிஸ்க் போதவில்லை என்றார். போகட்டும்.

இதில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. அவை சர்வரிலேயே இருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டரில் தெரிவது அங்கே போகும் வழி மட்டும்தான். ஃபைலைத் திறந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் வருகிறது. ரோமிங் புரொஃபைலுக்கு மிச்சம் இருப்பது அமைப்புகளும் அகராதி மாதிரி சில்லறைச் சாமான்களும்தான். என் 3.8 ஜிபி மூட்டை 90 எம்பி பையாகச் சுருங்கியது. லாகின் 40 விநாடி. மறுநாள் காலை பாட்டில் நிரப்பப் போனவள் திரும்பி வருவதற்குள் டெஸ்க்டாப் காத்துக்கொண்டிருந்தது.

என் தீர்ப்பு இங்கேயே இருக்கிறது, கடைசி வரை தள்ளிப்போட வேண்டாம்: பழக்கவழக்கம் நம்மோடு நடக்கட்டும், ஃபைல் இருந்த இடத்தில் இருக்கட்டும். ரோமிங் புரொஃபைலை மட்டும் தனியாகப் போட்டுக் கொடுத்தால் 5க்கு 2 மதிப்பெண்தான் கொடுப்பேன், அதுவும் அந்த அகராதிக்காக. ரீடைரக்ஷனோடு சேர்த்துக் கொடுத்தால் 4.

குறைத்த அந்த ஒரு மதிப்பெண்ணுக்குக் காரணம் உண்டு. ஃபைல் சர்வரில் இருப்பதால் சர்வர் படுத்தால் நாமும் படுக்க வேண்டியதுதான். ஒரு மதியம் சர்வரை மறுபடி தொடங்கினார்கள். திறந்திருந்த வேர்டு அப்படியே உறைந்தது, டெஸ்க்டாப்பில் ஐகான்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. ஐந்து நிமிடம்தான். ஆனால் 20 பேர் ஒரே நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதற்கு ஆஃப்லைன் ஃபைல்ஸ் என்று ஒரு மருந்து இருக்கிறது: சர்வர் ஃபைல்களின் நகலைக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொண்டு, சர்வர் வந்ததும் ஒப்பிட்டுச் சேர்க்கும். லேப்டாப்பை வெளியே எடுத்துப் போகிறவர்களுக்கு அது சரி. சீட் மாறி உட்காரும் எங்களுக்கு வேண்டாம். இரண்டு இடத்திலும் மாறிய ஃபைல் என்று வந்தால் எதை வைத்துக்கொள்வது என்று நம்மிடம் கேட்கும். பதில் தெரியாத கேள்வி அது. மெய்ப்பில் ஒரே ஃபைலின் இரண்டு பதிப்பு என்றால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும்.

ஆப்டேட்டாவையும் சேர்த்து சர்வருக்குத் திருப்பிவிட்டால் என்ன என்று தம்பி ஒரு தடவை முயன்று பார்த்தார். மென்பொருள்கள் அந்த ஃபோல்டரை நொடிக்கு நொடி தொட்டுக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது. மெனுவை அமுக்கினால் யோசித்துவிட்டுத் திறந்தது. இரண்டு வாரத்தில் பழையபடி மாற்றிவிட்டார்.

லாபத்தையும் சொல்ல வேண்டும். ஃபைலெல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் பேக்கப் ஒரே இடத்தில். அதைவிட எனக்குப் பிடித்தது, முந்தைய பதிப்புகள். எங்கள் சர்வர் காலை 7 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் எல்லா ஃபைலையும் அப்போதைய நிலையில் பிடித்து வைக்கிறது. ஒரு நாள் திருத்திய அத்தியாயத்தின் மேல் திருத்தாததைச் சேமித்துவிட்டேன். ஃபைலின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், முந்தைய பதிப்புகள் என்ற தாவல். 12 மணி நகல் அங்கே இருந்தது. யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. இப்போது இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.

விண்டோஸ் மாறும்போது மட்டும் தயாராக இருங்கள். விண்டோஸ் 7ன் புரொஃபைல் வேறு, 10ன் புரொஃபைல் வேறு. சர்வரில் உங்கள் பெயருக்குப் பின்னால் வி2, வி6 என்று ஒட்டு இருக்கும். 7க்கு வி2, 2016ல் வந்த பதிப்பிலிருந்து 10க்கு வி6. ஒன்றில் செய்தது இன்னொன்றில் தெரியாது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடு ஆதரவு முடிகிறது என்று 2019ல் எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். ஆறேழு மாதம் பாதிக் கம்ப்யூட்டர் 7, பாதி 10. உட்காரும் சீட்டைப் பொறுத்து எனக்கு இரண்டு ஆளுமை. ஒரு அகராதியில் இருக்கும் சொல் மற்றதில் இருக்காது. கடைசியில் அந்த அகராதி ஃபைலைத் தேடிப் பிடித்து நானே கையால் நகலெடுத்துப் போட்டேன். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில் திறக்கலாம். அப்போதிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை அதை டாக்குமெண்ட்ஸில் ஒரு நகல் போட்டு வைக்கிறேன். 300 சொல் போன பிறகு வந்த ஞானம்.

இதற்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். அங்கே இந்த ஏற்றி இறக்கும் வேலையே கிடையாது. என் ஹோம் டைரக்டரி, அதாவது என் ஃபைலும் அமைப்பும் இருக்கும் ஃபோல்டர், சர்வரில் இருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்தாலும் என்எஃப்எஸ் என்ற, நெட்வொர்க்கில் ஃபைலைப் பகிரும் ஏற்பாட்டின் வழியாக அதையே கொண்டுவந்து மாட்டிவிடும். சன் நிறுவனம் 1984ல் கொண்டுவந்தது அது. அமைப்பும் ஃபைலும் ஒரே இடத்தில், நகல் என்று ஒன்று இல்லவே இல்லை. அதனால் அகராதி மாதிரி விபத்தும் அவ்வளவு சுலபமாக நடக்காது. ஒரு கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து விட்டுவிட்டு இன்னொன்றில் திறந்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று மறுத்துவிடும். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், என் 300 சொல்லைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நல்ல மனசு அது.

விண்டோஸிலும் இப்போது அந்தப் பக்கம் நகர்கிறார்கள். புரொஃபைல் முழுவதையும் ஒரு மெய்நிகர் டிஸ்க் ஃபைலுக்குள் வைத்து, லாகின் போது அதை அப்படியே மாட்டுவது. எஃப்எஸ்லாஜிக்ஸ் என்ற நிறுவனம் செய்துகொண்டிருந்ததை 2018ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. எங்கள் பிரிவில் ஆறு சீட்டில் சோதனைக்குப் போட்டிருக்கிறார்கள். பொடி ஃபைல் 14,000 இருந்தாலும் கவலையில்லை, மாட்டுவது ஒரே ஒரு ஃபைல்தானே. லோக்கல் அறையும் சேர்ந்தே வருவதால் பிரவுசர் சமாச்சாரங்களும் கூட வந்துவிடுகின்றன. இரண்டு மாதமாகத்தான் பார்க்கிறேன், அதனால் மதிப்பெண் போடவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவ் பக்கம் போகலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் அது பார்த்துக்கொள்ளும். ஃபைலுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் என் அகராதி இருப்பது அந்த மூன்றிலும் இல்லை.

யாருக்கு இது வேண்டும்? எங்களைப் போல ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் இல்லாத இடங்களுக்கு, லேப்களுக்கு, நூலகங்களுக்கு. தினமும் ஒரே மேசையில், ஒரே கம்ப்யூட்டரில் உட்காருகிறவருக்கு ரோமிங் புரொஃபைல் வீண் தலைவலி. ரீடைரக்ஷன் மட்டும் போதும். லேப்டாப்பும் கையுமாக அலைகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். லைன் மெதுவாக இருக்கும் இடத்தில் லாகின் செய்தால், சர்வர் நகலைத் தேடாமல் கையில் இருக்கும் பழைய நகலோடு நிறுத்திக்கொள்ளும்; மாற்றியமைக்காவிட்டால் விநாடிக்கு 500 கிலோபிட்டுக்குக் கீழே போனாலே மெதுவான லைன் என்று அது முடிவு கட்டிவிடும்.

இதை 9ஆம் சீட்டிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறேன், முதல் மாடி, பச்சைப் பின்னணி. ஒரு தடவை காகிதத்தில் படித்துப் பார்த்துவிடலாம் என்று இப்போதுதான் ப்ரிண்ட் கொடுத்தேன். பக்கத்து ப்ரிண்டர் அசையவில்லை. போன வாரம் முழுக்க மூன்றாவது மாடியில் இருந்தேன்.

போய் எடுத்துக்கொண்டு வருகிறேன். முதலில் லாக் ஆஃப்.